சேவல் நீங்கலாக இரண்டு வழக்கு

செடெனாக்
21-1-1934

என் செல்ல மகள் பேச்சியம்மாளுக்கு அப்பா எழுதுவது. முருகன் கிருபையால் நானும் அம்மாவும் சிவப்பியும் சுகம், ஈப்போவில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். இது என் கையால் எழுதியது மகளே, காலையில் தொடங்கினேன், அம்மா சோற்றுக்குக் கூப்பிடுகிறாள், இவ்வளவுதான் ஆகியிருக்கிறது.

நீ வளர்த்த சிவப்பி கார்த்திகையில் வேலி தாண்டிப் போய்ப் பக்கத்துச் சதாசிவம் பொங்கலுக்கு வைத்திருந்த கரும்பைத் தின்றுவிட்டாள். சினைமாடு என்று கெஞ்சியும் கேளாமல் அவன் அவளைத் தன் கொட்டகையில் கட்டிக்கொண்டு, கரும்புக்காக என்மேல் வழக்கும் போட்டான். இப்போதுதான் எழுதப் பழகிய கை சும்மா இருக்குமா, நானே மனு எழுதினேன். மாட்டை விடச் சொன்னேன், அவன் சேவல் நம் கூரையில் எச்சமிடுவதைச் சொன்னேன், உன் கலியாண ரசம் தண்ணீர் என்று அவன் சொன்னதையும் விடவில்லை. நாலு பக்கம். அவன் வழக்கு மார்கழியில், என்னுடையது தை கடைசியில் என்றார்கள். அதற்குள் கன்று அவன் கொட்டகையில் விழுந்தால் அதையும் தனதென்பானே என்று அம்மாவுக்கு உறக்கமில்லை.

மார்கழியில் அவன் வழக்குக்கு நானும் அவனும் ஜோகூர் பாரு கோர்ட்டுக்கு ஒரே ரயிலில் போனோம், பெட்டியின் இரண்டு கோடியில். வழக்குக் கேட்ட துரை என் மனுவையும் வாங்கிப் படிக்கச் சொல்லிக் கேட்டுச் சிரித்தார். துரையின் பேச்சைத் தமிழில் சொல்லும் துபாசி சோமசேகரம், யாழ்ப்பாணத்தவர், சொன்னார்: "மாடும் கரும்பும் ஒரே நாள் சங்கதி, சாட்சியும் ஒண்டுதான். ரெண்டையும் சேர்த்து இண்டைக்கே கேக்கிறாராம். சேவலும் ரசமும் வேற கதை, அதுகளை இதுக்குள்ள கொண்டு வராதேங்கோ." ஊரில் உன் தாத்தா ஒரு வாய்க்காலுக்கு இரண்டு வழக்குத் தனித்தனியே நடத்தி, ஒரே சாட்சியை இரண்டு முறை வண்டியேற்றி, ஒன்றில் வென்று ஒன்றில் தோற்றார், வாய்க்கால் யாருடையது என்று இன்னும் தெரியாது. அங்கேயும் சேர்த்துக் கேட்கும் வழி உண்டாம், சொல்லத்தான் ஆளில்லை.

நான் வேலி கட்டிக் கரும்பு நட்டுத் தர வேண்டும், அவன் அன்றே மாட்டை விட வேண்டும் என்று தீர்ப்பு. திரும்பும்போது சதாசிவம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என்ன தீனி வைப்பீர்கள், நான் போட்டதைச் சரியாகத் தின்னவில்லை என்று கவலையாய்க் கேட்டான்.

பொங்கல் கழிந்த செவ்வாய், நம் கொட்டகையில், பெண் கன்று, நெற்றியில் வெள்ளை. மறுநாள் அவன் செம்போடு வந்து, "கேசு போட்டவனுக்குச் சீம்பால் கிடையாதா அண்ணே" என்றான். அம்மா நிறைய ஊற்றிக் கொடுத்து, "ரசம் மாதிரி தண்ணியா இருந்தா வந்து சொல்லுங்க" என்றாள்.

நீங்கள் இருவரும் நீடூழி வாழ்க. மாப்பிள்ளையை மழையில் நனையவிடாதே. கன்றுக்குப் பெயர் நீதான் வைக்க வேண்டும், உடனே எழுது, நானே படித்துக்கொள்வேன். சேவல் இப்போதும் கூரைமேல்தான் நிற்கிறது. நிற்கட்டும்.

இப்படிக்கு, உன் அப்பா
வீரமுத்து