இடமிருந்து வலமாக

மார்ச் 3

அக்கா,

உன் கூட்டத்தின் படம் நேற்று என் மேசைக்கு வந்தது. பத்திரிகையில் படங்களுக்குக் கீழே குறிப்பு எழுதுகிற வேலை என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வாயே, அந்த வேலையில் நேற்று உன் படத்துக்கே குறிப்பு எழுத வேண்டியதாயிற்று. "போர் வேண்டாம்" அட்டைக்குப் பின்னால் உன் முகம் பாதிதான் தெரிந்தது. விரல்களைப் பார்த்தே நீ என்று கண்டுகொண்டேன்.

உட்கார்ந்திருந்தவர்கள் நானூறு பேராவது இருப்பார்கள். செய்தி ஆசிரியர் "சிலர்" என்று போடச் சொன்னார். தலைப்பு, "முகமற்ற கும்பல்". எதிர்க்காமல் அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

போனில் எதுவும் பேசாதே என்றாய். அதனால் கண்டக்டர் மாமாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அப்பாவின் சிநேகிதர், நம்பலாம்.

தங்கை

மார்ச் 6

என் வாயில்லாப் பூச்சிக்கு,

நானூறு பேரைக் கூட்ட ஆறு மாதம் நாக்குத் தேயப் பேசினேன். உங்கள் ஆசிரியர் ஒரே வார்த்தையில் முந்நூற்றுத் தொண்ணூறு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கெட்டிக்காரர்தான்.

ஆஸ்பத்திரி வார்டில், போரில் கால் போன பிள்ளைகளுக்குக் கட்டு மாற்றுகிறேன். ஒருவன் இல்லாத காலைச் சொறிந்துவிடச் சொல்கிறான். அதற்காகத்தான் தெருவில் உட்காருகிறோம். அதை எழுத உங்களுக்கு இடமில்லை, போகட்டும். இதையெல்லாம் யார் கூட்டுவது என்று விசாரிக்கிறார்களாம். எங்கள் பெயர் மட்டும் வெளியே வராமல் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 13

அக்கா,

திட்டாமல் படி. புதன்கிழமைப் படத்தில் முன்வரிசையில் நீங்கள் மூன்று பேர். பக்கம் அச்சுக்குப் போகிற நேரத்தில், யாரும் கவனிக்காதபோது, "கும்பல்" என்பதை எடுத்துவிட்டு, "இடமிருந்து வலமாக: ஒரு நர்ஸ், ஒரு தையல்காரர், ஒரு கணக்கு டீச்சர்" என்று எழுதிவிட்டேன். பெயர் ஒன்றும் போடவில்லை. அச்சில் பார்த்தபோது சந்தோஷத்தில் அழுகை வந்தது.

மதியம் ஆபீசுக்கு விசாரணைக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பத்திரிகையை என் முன்னால் விரித்து, சிரித்துக்கொண்டே, "பேர் போடலையேன்னு கவலைப்படாதம்மா. இதுவே போதும்" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. நம் தெருவில் யாரை யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? நர்ஸக்கா வீடு எது, டீச்சர் வீடு எது என்று கேட்டால் பால்காரரே கூட்டிக்கொண்டுபோய் விடுவார். நம் வீட்டின் முதல் பட்டதாரிக்கு அது மறந்துபோயிற்று.

யார் சொன்ன விவரம் என்று கேட்டார்கள். வாயே திறக்கவில்லை. நாளையும் வருவார்களாம்.

தங்கை

மார்ச் 16

கண்ணு,

தையல்காரியை நேற்றுக் காலையில் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பாதி தைத்த சட்டை அப்படியே மெஷின் ஊசியில் நிற்கிறது. டீச்சர் வீடு பூட்டிக் கிடக்கிறது. எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

உன்மேல் எனக்குக் கோபமில்லை. எங்களை மனுஷிகளாக எழுதியது நீ ஒருத்திதான். ஆனால் பயமாக இருக்கிறது. படிக்கட்டில் யார் ஏறினாலும் கை வேலையை விட்டுவிடுகிறது.

மாமா கையில் இதுதான் கடைசி. அவரையும் இழுத்துவிடுவார்கள். இனி தபாலில் எழுது. எனக்கு வரும் தபாலைப் பிரிக்கிறார்கள். பிரித்துப் படிப்பவனுக்காக எழுது.

அக்கா

மார்ச் 18

அக்காவுக்கு,

இரண்டு வருடமாக உன்னோடு பேச்சுவார்த்தை இல்லை. இருந்தும் எழுத வேண்டியதாகிவிட்டது. நான் எழுதிய படக்குறிப்பை வைத்து உன்னை விசாரிப்பதாகக் கேள்விப்பட்டேன். தப்பு என்னுடையது. அந்தத் தொழில்கள் நானாகக் கற்பனை செய்து போட்டவை. படத்தில் இருப்பவர்கள் யாரென்றே எனக்குத் தெரியாது. அப்படியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இன்றைய பத்திரிகையில் மூன்றாம் பக்க மூலையில் திருத்தம் வந்திருக்கிறது. "முகமற்ற கும்பல் என்று படிக்கவும்." நான் எழுதியதுதான். அதோடு வேலையிலிருந்தும் நிறுத்திவிட்டார்கள்.

நீ கூட்டத்தைக் கண்டாலே ஒதுங்குகிறவள், ஊசி போடுவதைத் தவிர வேறெதுவும் அறியாதவள் என்றும் அவர்களிடம் சொன்னேன். உன்னைப் புகழ்வதற்காகச் சொல்லவில்லை. உனக்கு என்னைப் பிடிக்காது, எனக்கும் உன்னைப் பிடிக்காது என்பது ஊரறிந்தது.

பதில் எழுத வேண்டாம். வீட்டில் ஆளில்லை என்று இந்தத் தபால் திரும்பி வராமல் இருந்தால், அது போதும்.

தங்கை