ரோபோ கேட்ட காரணம்

வியாழன், இரவு

கருப்பை இறக்கத்துக்கு ரோபோ ஆபரேஷன்தான் வேண்டும் என்று இன்று அரக்கோணம் ஆஸ்பத்திரியில் ஒற்றைக் காலில் நின்றேன்.

"லேப்ராஸ்கோப்பியும் சின்னத் துளைதாங்க. உங்களுக்கு ரெண்டும் ஏறக்குறைய ஒரே பலன்தான். ஏன் ரோபோவே கேக்கறீங்க?" என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்காரரை வெளியே அனுப்பிவிட்டுச் சொன்னேன். "மிஷினே செஞ்சிட்டா ஆம்பள யாரும் பாக்கமாட்டாங்கல்ல."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அதற்கே கும்பிடலாம்.

"மிஷினையும் டாக்டர் கைதாங்க ஓட்டுது. லேப்ராஸ்கோப்பியே நான் செய்றேன். கூட நிக்க பொம்பளைங்களையே வெச்சிக்கறேன்."

திரும்பும்போது பஸ்ஸில் வீட்டுக்காரரிடமும் காரணத்தைச் சொன்னேன்.

திருத்தணியில் இறங்கியதும் கேட்டார். "இத்தினி வருசமா இந்த நோவ என்கிட்டயும் வெக்கப்பட்டுகினுதான் மறைச்சியா?"

"ஆங்."

என் தோளில் இருந்த பையை அவரே வாங்கிக்கொண்டார். வீடு வரை என் மெதுவான நடைக்கே நடந்தார்.