ஃப்ரீசர் பெட்டிக்காரர் சொன்ன ஏசி

பானு அப்பாவுக்கு,

சாம்பார் அடுப்பு மேல் இருக்கிறது. நான் மீஞ்சூரில் அக்கா வீட்டுக்குப் போகிறேன். சாயங்காலம் வந்துவிடுவேன்.

பழவேற்காட்டுக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் நம் வேனில் தூங்க ஏசி வேண்டும். அதற்கு யோசனை கேட்க, சாவு வீடுகளுக்கு ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடும் எதிர்வீட்டு ஆதிநாராயணன்தானா கிடைத்தார்? "என் ஜெனரேட்டர்ல ராவெல்லாம் பொட்டி ஓடுது நைனா, ஒன்றரை டன் ஏசி ஓடாதா இன்னா?" என்கிறார். பெட்டியில் படுத்தவர் யாரும் குளிர் போதவில்லை என்று எழுந்து வந்து சொன்னதில்லை, அந்தத் தைரியம்.

நேற்று கரண்ட் போனபோது, துணி எடுக்கப் போன சாக்கில் எட்டிப் பார்த்தேன். அதே ஜெனரேட்டரில் தன் வீட்டு ஒன்றரை டன் ஏசியைப் போட்டார். ஏசி கிளம்பும் இழுப்பு தாங்காமல் ஜெனரேட்டர் இருமி நின்றது. மேதாவி காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

படுக்கப்போவது இரண்டு பேர். முக்கால் டன் இன்வெர்ட்டர் ஏசி போதும், அது மெதுவாகக் கிளம்பும். நம் வேன் ஜெனரேட்டரும் அவருடைய அளவுதான்; அதில் ஒட்டியிருக்கும் வாட்ஸ் கணக்கைப் படம் பிடித்துக் கடைக்காரரிடம் காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை வரும் முதல் ஆட்களே வேர்த்து இறங்கினால், அப்புறம் யார் வருவார்கள்?

பி.கு. "உனக்கு இன்னா தெரியும்" என்றீர்கள். உங்கள் தலையணை வேனில் இருக்கிறது. ஒன்றரை டன் வாங்கினால் அதோடு அங்கேயே படுங்கள்.

முக்கால் டன் என்றால் தலையணையோடு வீட்டுக்குள்ளே வரலாம்.