ஷோயப் உள்ளே வந்த காரணம்

நந்தனம், சென்னை.

அன்பு மகன் அறிவுக்கு,

நானும் உன் அப்பாவும் உடலளவில் நலம். நீ மூச்சு வாங்காமல் இக்கடிதத்தைப் படித்து முடித்தால், அதையே உன் நலமென்று கொள்வேன்.

அன்று உன் அறைத்தோழன் ஹரி தொலைபேசியில், அறிவு கேஸ்ல மாட்டிக்கிட்டான்மா என்று சொன்னதும் இணைப்பு அறுந்தது. வழக்கு என்றே நான் கொண்டேன். போராட்டம், கைது, சிறை என்று வாழ்ந்தவளுக்கு வேறென்ன பொருள் தோன்றும்? தொழிலாளர்க்காக வாய் திறந்திருப்பாய் என்று அழுகையினூடே பெருமிதமும் கொண்டேன். எதிர்வீட்டு வலியுல்லா, இன்னாத்துக்கு அழுவுறக்கா, நீ பாக்காத ஜெயிலா, வக்கீலப் புட்ச்சா புள்ள வெளிய வந்துடப் போறான் என்று தேற்றி, அபிராமபுரத்து வழக்கறிஞரிடம் அழைத்துப் போனார். எந்தப் பிரிவின்கீழ் வழக்கு என்று அவர் ஹரியை அழைத்துக் கேட்டபோதுதான், அவன் சொன்ன கேஸ் உன் இரும்பாலையின் ஊதுலையில் கசிந்த நச்சுவாயு என்று தெரிந்தது. நீ மூச்சுக்குத் தவித்த வேளையில் நான் பிணைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தேன், அறிவு.

நீ முன்பு அனுப்பிய படங்களை மறுபடி பார்த்தேன். தாமோதர் ஆற்றின் கரிய நீர், மிதிவண்டியில் கரிமூட்டைகளை ஏற்றி மேட்டில் தள்ளிச் செல்லும் மனிதர்கள், மண்ணுக்கடியில் அணையாமல் எரியும் பழஞ்சுரங்கம், உன் விடுதிக் கொடியில் துவைத்தும் வெளுக்காத சட்டைகள். வடபழனியில் மெட்ரோ தூண்களுக்காக இறங்கும் கம்பிக் கட்டுகளைக் கண்டால், எவர் மூச்சு இதில் உருகிற்றோ என்று இப்போது நின்று பார்க்கிறேன்.

நேற்று நீ சொன்னதிலிருந்து உறக்கமில்லை. உன்னைத் தூக்கிவர வாயுவுக்குள் நுழைந்த உன் சக தொழிலாளி ஷோயப் இறந்துவிட்டார். அவர் எவர் சொல்லும் கேளாமல் தம் விருப்பில் நுழைந்தார் என்று விசாரணையில் சொல்லும்படி மேலாளர் உன் கட்டிலருகே அமர்ந்து கேட்டிருக்கிறார். சொன்னால் ஷோயப் குடும்பத்துக்கு இழப்பீடு இல்லை. மறுத்தால் உனக்கு வேலை இல்லை. என்னம்மா செய்யட்டும் என்றாய். பிறகு பேசுகிறேன் என்று தொலைபேசியை வைத்துவிட்டேன். உன் அப்பா, ஊரெல்லாம் மைக் புட்ச்சிப் பேசுவியே, இப்ப வாயில இன்னா கொழுக்கட்டையா என்றார். இந்த வீடு உன் ஊதியத்தில் நிற்பது அவருக்கும் தெரியும்.

இப்போது சொல்கிறேன். விசாரணைக்கு முன் ஷோயபின் வீட்டுக்குப் போ. உங்கள் கணவர் என்னைக் காக்கவே உள்ளே வந்தார் என்று அவர் மனைவியிடம் நேரில் சொல். ஊர்தோறும் மேடையேறி இந்தித் திணிப்பை எதிர்த்து முழங்கியவள் சொல்கிறேன்: அதை இந்தியில் சொல். ஒரு சொல்லும் அவருக்கு விளங்காமல் போகலாகாது. தடுமாறுவாயெனில் ஹரியிடம் கேட்டுப் பழகிக்கொண்டு போ. அவர் முகம் பார்த்துச் சொல்லிவிட்டால், பிறகு எந்த மேலாளர் முன்னும் மாற்றிச் சொல்ல உனக்கு நா எழாது.

வேலை போனால் வந்துவிடு. இருப்பதை மூவரும் உண்போம். மருந்தை நிறுத்தாதே, படிகளில் நின்று நின்று ஏறு. நெடிது வாழ்க, நிமிர்ந்து வாழ்க. சாவு வீடாயினும் அது பிள்ளைகள் இருக்கும் வீடு. வெறுங்கையோடு போகாதே, பழம் வாங்கிப் போ.

உன் அம்மா,
அன்புக்கரசி