வேர்வை என்று நான் சொன்ன தண்ணீர்

அன்பு மகள் கெல்சிக்கு,

அப்பா எழுதுகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. போன் என்றால் சியாட்டிலில் மழையா, ஆர்கன்சாவில் வெயிலா என்று நாலு வார்த்தை பேசிவிட்டு அம்மா கையில் கொடுத்துவிடுவேன். என் லட்சணம் உனக்குத் தெரியாததா?

அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. நெல் அறுப்பு முடிந்து, நாம் வாத்து வேட்டையாடுகிற ஓக் காட்டுக்குள் தண்ணீர் ஏற ஆரம்பித்துவிட்டது. மூஸ் கிழநாய் ஆகிவிட்டது. கூப்பிட்டால் காது கேட்பதில்லை; துப்பாக்கிப் பெட்டியைத் திறந்தால் மட்டும் எப்படியோ கேட்டுவிடுகிறது, கள்ளன். வேட்டை சீசன் திறக்க இன்னும் மூன்று வாரம்.

விஷயத்துக்கு வருகிறேன். சர்ச்சில் பழைய சாமான் விற்பனை என்று போன சனிக்கிழமை காலையில் கொட்டகையை ஒழித்தேன். வேட்டைக்குத் தண்ணீரில் இறங்கி நிற்க நீ போட்டுக்கொண்ட தண்ணீர் உடுப்பு கிடைத்தது. மார்பு வரை ஏறும், பூட்ஸ் சேர்த்து ஒட்டிய, அந்தப் பச்சை ரப்பர் சனியன்தான். உன் அண்ணன் ட்ராவிஸுக்கு வாங்கி, அவனுக்குச் சின்னதாகிப்போனதும் உன் தலையில் கட்டியது. மூட்டையில் போடப் போனேன். உதவிக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு வெர்னன், "ஓட்டை கீட்டை இருக்கான்னு பாத்துட்டுக் குடு ராய்ஸ். வாங்குறவன் காலு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றான். நியாயம்தானே என்று தோள்வாரை உத்தரத்து ஆணியில் மாட்டி, குழாயைப் போட்டு இடுப்பு வரை தண்ணீர் நிரப்பினேன்.

ஒழுகியது, கெல்சி. தொடைத் தையலில் நான்கு, இடது முழங்காலுக்குக் கீழே இரண்டு, குதிகாலில் ஒன்று. வெர்னன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அடப்பாவி, அந்தப் புள்ள அப்பவே சொல்லுச்சே" என்றான்.

பதினோரு வருஷம் ஆகிறது. இரண்டு சீசன் முழுக்க நீ, "அப்பா, உள்ள தண்ணி வருது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். "அது தண்ணியில்லடி, உன் வேர்வை. ரப்பர் போட்டா வேர்க்கத்தான் செய்யும்" என்று நானும் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். புதிதாக வருகிறவர்கள் வேர்வையை ஓட்டை என்று புலம்புவது உண்டுதான். அதை வைத்தே வேட்டைக் கேம்பில் எத்தனை பேரைக் கிண்டலடித்திருக்கிறோம். அந்தத் திமிரில் உன் பேச்சை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தக் கடைசி நாளைத்தான் நினைத்து நினைத்து மாய்கிறேன். மரத்தில் சாய்ந்து நின்று, மேலே பறக்கிற வாத்துகளை ஏமாற்ற மிதக்கவிட்ட பொம்மை வாத்துகள் அசையும்படி தண்ணீரைக் காலால் உதைப்பது உன் வேலை. ஓரமெல்லாம் ஐஸ் கட்டியிருந்தது. மூன்று மணி நேரம் உதைத்தாய். பிறகு உதைக்கிற சத்தம் நின்றுவிட்டது. வாத்துக் கூட்டம் வட்டமடித்து இறங்குகிற நேரத்தில், கால் மரத்துப்போய் நீ விழுந்தாய். கூட்டம் கலைந்தது. "தண்ணிய உதைக்கிற வேலை, அதுகூட உனக்கு வரலியா? வீட்டுக்குப் போ தாயே!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். நீ தனியாக டிரக் வரை நடந்து போனாய். உன் கால்விரல்கள் எத்தனையோ நாள் வெளுத்துக் கிடந்ததை அம்மா பிறகுதான் சொன்னாள். அதற்கப்புறம் வேட்டையே இல்லாத ஜூலையில் மட்டும்தான் வருகிறாய், அதுவும் இரண்டே நாள்.

முன்பின் தெரியாத எவனோ ஒருத்தன் காலுக்காக ஐந்து நிமிடம் செலவழித்துப் பார்த்தேன். பெற்ற மகளுக்காகப் பார்க்கவில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை டவுன் கடைக்குப் போய், பெண்களுக்கென்று தைத்த தண்ணீர் உடுப்பு கேட்டேன். விற்கிற பெண், "அவங்க கால் சைஸ் என்னங்க?" என்றாள். உன் சைஸ் எனக்குத் தெரியவில்லை. ட்ராவிஸ் சைஸ் தெரியும். மூஸுக்கு மாட்டுகிற சட்டையின் சைஸ்கூடத் தெரியும்! அவள் விடவில்லை. "பூட்ஸ் சரியில்லேன்னா மத்ததெல்லாம் வீணுங்க. தடியா ரெண்டு சாக்ஸ் போட்ட பிறகும் விரல அசைக்க எடம் வேணும். இறுக்கினா ரத்தம் ஓடாது, பெருசா இருந்தா சேறு புடிச்சு இழுக்கும். மண்டி போட்டுப் பாக்கணும், படகுல ஏறுற மாதிரி காலத் தூக்கிப் பாக்கணும். அவங்களையே கூட்டிட்டு வாங்களேன்" என்றாள். கூட்டிக்கொண்டு வர முடிந்தால் நான் ஏனம்மா இங்கே தனியாக நிற்கிறேன் என்று வாய் வரை வந்தது.

வீட்டுக்கு வந்து, உன் அறையில் கிடந்த பழைய பூட்ஸை எடுத்துப்போய் அளவு காட்டி ஒன்று வாங்கிவிட்டேன். முழங்காலில் இரட்டைத் துணி, தையல் முழுக்க உள்ளே பட்டை ஒட்டியிருக்கிறது, குளிருக்குக் கழற்றி மாட்டுகிற உள்சட்டையும் உண்டு. ஆனால் அந்த பூட்ஸ் உன் பள்ளிக்கூடக் காலத்தது. சீசன் திறக்கும் வரை மாற்றித் தருவார்களாம். அதனால் இன்னும் தண்ணீர் ஊற்றிப் பார்க்கவில்லை. அளவு சரி என்று தெரிந்ததும் முதல் வேலை அதுதான்.

வா என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஒரு தபால் அட்டையில் கால் அளவை மட்டும் எழுதிப் போடு. வராவிட்டாலும் போடு, அது அந்த ஆணியில் உனக்காகத் தொங்கட்டும். ஒருவேளை வந்தால், உன்னிடம் நான் கொடுத்தே இராத அந்த ஊதலை, வாத்துகளைக் கூப்பிடுகிற ஊதலை, நீ வைத்துக்கொள். தண்ணீரை நான் உதைக்கிறேன். உள்ளே ஈரம் என்று நீ சொன்னால் ஈரம்தான். வானம் முழுக்க வாத்து இறங்கினாலும் சரி, அந்த நிமிடமே உன்னோடு டிரக் வரை நடந்து வருவேன்.

எங்கே இருந்தாலும் கால் நனையாமல், குளிராமல் நன்றாக இரு, கண்ணே.

உன் பேச்சை நம்பாத,
இனிமேல் நம்பப்போகிற
அப்பா ராய்ஸ்