அப்பா பெயரில்

மார்ச் 3
சான்றிதழ் சரிபார்ப்பு. அரசு மருத்துவமனை ரத்தப் பரிசோதனை வேலைக்குத் தேர்வில் தேறியவர்களை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி அம்மா என் காகிதங்களைப் புரட்டிக்கொண்டே வந்து, சாதிச் சான்றிதழில் நின்றுவிட்டார்.

"இது புருஷன் பேர்ல இருக்கே. செல்லாதும்மா. அப்பா பேர்ல வாங்கிட்டு வா."

கல்யாணத்துக்குப் பிறகு எடுத்தது, அப்படித்தான் போட்டுக் கொடுத்தார்கள் என்றேன். கல்யாணத்தால் சாதி மாறாது, பிறந்த வீட்டுச் சாதிதான் கடைசிவரைக்கும் என்றார். மாத முடிவுக்குள் தராவிட்டால் இடம் அடுத்தவருக்கு.

வேறு சாதியில் கட்டிக்கொண்டதோடு எல்லாம் போயிற்று என்றல்லவா அப்பா சொன்னார்? போகவில்லையாம். சட்டப்படி அப்படியே இருக்கிறதாம்.

சிரிப்பு வரவில்லை. பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

மார்ச் 4
வழக்கம்போல் தனியார் லேப் வேலை. ஊசி, பஞ்சு, குழாய். யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 6
பழைய சான்றிதழ் இல்லை. நான் வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று அப்பா கிழித்துப் போட்டதில் அதுவும் ஒன்று. மார்க் ஷீட்டை மட்டும் அம்மா பிடுங்கி என் பையில் திணித்தாள்.

புதிதாக எடுக்க அப்பாவின் சான்றிதழ் வேண்டும். விசாரணைக்கு அந்த வீட்டுக்கு வருவார்கள். இவள் என் மகள் என்று அவர் சொல்ல வேண்டும். சொல்வாரா?

என் கணவரிடம் சொன்னேன். "நான் வேணா வந்து கால்ல விழட்டுமா?" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. வேண்டாம் என்றேன்.

வயது வரம்பைப் பார்த்தால் எனக்கு இதுதான் கடைசித் தேர்வு.

மார்ச் 9
அப்பாவுடைய சான்றிதழைத் தம்பி போனில் படம் எடுத்து அனுப்பிவிட்டான். அப்பாவுக்குத் தெரியாமலா என்று அம்மாவைக் கேட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவரே பீரோ சாவியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாராம்.

மார்ச் 12
விண்ணப்பம் கொடுத்தாயிற்று. தலைவலி.

மார்ச் 19
விசாரணை. நானும் இருக்க வேண்டும் என்றதால் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது எங்கே விடுவது என்று தெரியவில்லை. முன்பெல்லாம் எங்கே விடுவேன்?

அப்பா நாற்காலியில் இருந்தார். முடி நன்றாகவே கொட்டிவிட்டது. அதிகாரி என்னைக் காட்டி, இவங்க யாரு என்றார்.

"என் பொண்ணு."

"சொந்தப் பொண்ணுதானே?"

"மூத்தவ."

கையெழுத்துப் போட்டார். அதிகாரி கிளம்பியதும் நான் "அப்பா" என்றேன். வேறு என்ன சொல்வதென்று யோசித்து வைத்துக்கொண்டு போகவில்லை. அவர் என்னைப் பார்க்காமல், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"கேட்டாங்க, சொன்னேன். எனக்குப் பொய் சொல்ல வராது. அதுக்கு மேல ஒண்ணும் நினைச்சுக்காத."

எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன்.

அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வரலை. இப்பவும் வரலை. என்ன ஆச்சு எனக்கு?

மார்ச் 27
புதிய சான்றிதழைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். முதலிலேயே இப்படி எடுத்திருக்கலாமே என்றார் அந்த அம்மா. எடுத்திருக்கலாம்தான் என்றேன்.

ஏப்ரல் 20
ஒன்றும் இல்லை.

ஜூன் 15
வேலை உத்தரவு வந்தது. கணவர் எங்கள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினார். நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். மிச்சத்தையும் துவைத்துவிட்டுத்தான் வந்தேன்.

ஆகஸ்ட் 30
தம்பிக்கு இன்று கல்யாணம். நேற்று அம்மா போனில் கிசுகிசுத்தாள். உன்னை அழைக்கும் பேச்சையே அப்பா எடுக்கவில்லை, மனசில் வைத்துக்கொள்ளாதே என்று. வைத்துக்கொள்ளவில்லை என்றேன். எனக்கு விடுமுறை நாள்தான். இன்னொருத்தியின் டூட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ரத்தப் பரிசோதனைக்கு வந்த ஒரு வயதான அம்மா கையை நீட்டியபடி, "புதுசா இருக்கியே, யாரு பொண்ணும்மா நீ?" என்று கேட்டார்.

அப்பா பெயரைச் சொன்னேன்.

"தெரியலையே" என்றார்.

பஞ்சை வைத்து, கையை மடக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.