எஸ்டேட் முதலாளி ராமையாவின் வீட்டுக்கு வந்த விருந்தாளி

பாடாங் மேஹா,
19-8-1956

அன்பு மகன் மனோகரனுக்கு அம்மா எழுதுவது. கம்பி வேலிக்கு உள்ளே நானும் அப்பாவும் நலம். வேலி இல்லாத ஊரில் நீயும் நலமாக இருக்க மாரியாத்தாளை வேண்டிக்கொள்கிறேன். நீ உன் சிநேகிதன் அழகேசனிடம் கொடுத்தனுப்பிய சாமான்கள் வந்து சேர்ந்தன. சேர்ந்தன என்று எழுதிவிட்டேனே தவிர எது எந்த நிலையில் சேர்ந்தது, அந்தப் பையன் எந்த நிலையில் சேர்ந்தான் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். கடையில் நின்றுகொண்டே படிக்காதே, வீட்டுக்குப் போய் உட்கார்ந்து படி, நீங்கள் எல்லாரும் போடுகிற அந்தக் குழாய்ச் சிலுவாரில் உட்கார முடியுமானால்.

போன வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலிக் கதவை அடைக்கிற நேரத்துக்கு அவன் வந்து நின்றிருக்கிறான். பஸ்ஸை விட்டு இறங்கி செம்மண் ரோட்டில் அவ்வளவு தூரம் நடந்து வந்தவன், கொக்கு மூக்கு மாதிரி கூரான வெள்ளைச் சப்பாத்து, காலோடு சேர்த்துத் தைத்த மாதிரி கறுப்புச் சிலுவார், சட்டை முழுக்கத் தென்னை மரமும் கிளியும், தலைமுடியைக் கோழிக் கொண்டை மாதிரி தூக்கிவிட்டு அதில் ஒரு டின் கிரீம், பொழுது சாய்ந்த பிறகும் கண்ணில் கறுப்புக் கண்ணாடி. சிங்கப்பூரில் இப்படிப் போனால் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்களாம். இங்கேயும் திரும்பிப் பார்த்தார்கள், துப்பாக்கியோடு. கதவில் காவல் நின்ற போலீஸ் மாத்தாக்காரர்கள் யாரைப் பார்க்க வந்தாய் என்று கேட்டதற்கு, இந்த எஸ்டேட் முதலாளி ராமையா வீட்டுக்குப் போக வேண்டும், அவர் மகன் அனுப்பினார், பங்களாவுக்குப் போகக் கார் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டிருக்கிறான். இந்த எஸ்டேட்டுக்கு முதலாளி லண்டனில் இருக்கிற கம்பெனி என்பது இங்கே மாட்டுக்கும் தெரியும். சார்ஜன் அவனைச் சுவரோரம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டார்.

அப்புறம் பெட்டியைத் திறந்தார்கள். பவுடர் டின்னில் ஆணியால் குத்தினார்கள், இங்கே எந்த டின்னானாலும் குத்தாமல் விடமாட்டார்கள், அரிசியையும் பால்டின்னையும் காட்டுக்குள் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குக் கடத்துகிறார்கள் என்று. எனக்கென்று நீ அனுப்பிய சென்ட் பாட்டிலை எடுத்து, இது காட்டுக்காரர்களுக்குப் போகிற மருந்து என்று சார்ஜன் முடிவு கட்டி மூடியைத் திருகி மூக்கில் வைத்திருக்கிறார். அந்த நெடியில் தும்மல் வந்து பாட்டில் கையை விட்டு நழுவி சிமெண்டுத் தரையில் விழுந்து உடைந்துபோயிற்று. அன்றையிலிருந்து காவல் கொட்டகை கல்யாணப் பெண் குளித்த அறை மாதிரி மணக்கிறது. தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள், சாம்பல் போட்டுத் தேய்த்தார்கள், போகவில்லை. காட்டுக்குள் போக வந்த பட்டாளத்துப் பிள்ளைகள் மழைக்கு அதில் ஒதுங்கியதால் அவர்கள் சட்டையெல்லாம் வாசனை ஏறிவிட்டது. இப்படி மணத்துக்கொண்டு போனால் ஒரு மைலுக்கு அப்பால் இருக்கிறவன் மோப்பம் பிடித்துச் சுட்டுவிடுவான் என்று அவர்களுடைய அதிகாரி திட்டி எல்லாரையும் ஆற்றில் இறக்கிக் குளிக்க வைத்தார். உன் சென்ட்டினால் ஒரு நாள் சண்டை நின்றது என்று பக்கத்து வீட்டுச் செல்லாயி சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். ரப்பர் கட்டிப்பால் நாற்றத்தில் உழல்கிற எனக்கு அதில் ஒரு சொட்டு கிடைக்கவில்லை, அது போகட்டும்.

குளித்துவிட்டுக் கைலியோடு கஞ்சிக்கு உட்கார்ந்த அப்பாவை ஆபீஸ் கிராணி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். நானும் பின்னாலேயே காவல் கொட்டகைக்கு ஓடினேன். அதற்குள் கூலிம் டவுனிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்துவிட்டார். உன் சிநேகிதன் கை கட்டி, கொண்டை சரிந்து, வேர்த்து நிற்கிறான். சட்டையில் இருந்த கிளியெல்லாம் நனைந்துவிட்டது. எஸ்டேட்டின் முதலாளி ராமையா நீதானா என்று அதிகாரி கேட்டதைக் கிராணி தமிழில் சொன்னார், சொல்லும்போது அவருக்கே சிரிப்பு அடக்க முடியவில்லை. அப்பா சிரிக்கவில்லை. உன் சிநேகிதனைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

“நான்தான்யா ராமையா. எஸ்டேட்டு எனக்குச் சொந்தமில்ல. பையன் எனக்குப் பொறந்தவன்தான்.”

அவ்வளவுதான் பேசினார். அந்த மனிதர் உன்னைப் பற்றி எந்தக் கடையில் நின்று பேசினாலும் என் மவன் சிங்கப்பூர்ல என்று ஆரம்பித்தால் லேசில் நிறுத்தமாட்டார், உனக்குத் தெரியும். அதிகாரிக்கு அந்தப் பதில் போதவில்லை. தகப்பன் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன், மகன் அதை மறைத்து முதலாளி என்று பொய் சொல்லி ஆள் அனுப்புகிறான் என்றால் இதில் ஏதோ இருக்கிறது, இவனைக் கூலிமில் அடைத்து வைத்து, சிங்கப்பூருக்குத் தந்தி கொடுத்து உன்னையும் பிடித்து விசாரிக்க வேண்டும் என்றார். இங்கே விசாரிக்கக் கூட்டிப் போனவர்கள் எப்படித் திரும்பினார்கள், சிலரை எந்தக் கப்பலில் ஏற்றி நாகப்பட்டினத்துக்கு நாடு கடத்தினார்கள் என்பது எனக்குத் தெரியும். பயத்தில்தான் வாய் வந்தது. கிராணி அய்யா, இதை அப்படியே துரைக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு சொன்னேன்.

“அவன் கம்னிஸ்டா இருந்தா பால்மரம் வெட்டுறவன் மவன்னு மார்தட்டிச் சொல்லியிருப்பான் தொர. அப்பன முதலாளின்னு சொல்றவன் எந்த ஊர்லயாவது கம்னிஸ்டா இருப்பானா?”

கிராணி சொல்லி முடித்ததும் அந்த அதிகாரி தலையைக் குனிந்து சிரித்துவிட்டார். நீ சொன்ன பொய்தான் உன்னைக் காப்பாற்றியது, அதற்காகப் பெருமைப்படாதே. ஆனாலும் அடையாளக் கார்டு சரிபார்க்கும் வரை அழகேசன் வெளியே போகக் கூடாது, அவனுக்கு ராமையா ஜவாப்தாரி என்று எழுதி அப்பாவிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள்.

ஆக உன் விருந்தாளி நம் லயத்து வீட்டில் தங்கினான். பங்களாவை எதிர்பார்த்து வந்தவனுக்கு ஒரு பாயும் அப்பாவின் பழைய காக்கிச் சிலுவாரும் கொடுத்தேன். அவனைக் குறை சொல்லமாட்டேன். இரண்டாம் நாளே விடியற்காலையில் என்னோடு எழுந்து பால் வடிகிற மங்கு துடைக்க வந்தான், அட்டை கடித்தபோது மட்டும்தான் சத்தம் போட்டான். ராத்திரிச் சோற்றுக்கு உட்காரும்போது உங்கள் ஊர்க் கதையெல்லாம் சொல்வான். சனிக்கிழமை சாயங்காலம் ஒரே தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பீர்களாம், எதுவும் வாங்கமாட்டீர்களாம், கடைக் கண்ணாடியில் பார்த்துத் தலை வாருவீர்களாம், வேர்வை நாற்றம் தெரியாமல் இருக்கக் காதுக்குப் பின்னால் சென்ட் தடவுவீர்களாம். வேலைக்குப் போகாத நாளில் இவ்வளவு தூரம் நடக்கிற ஆட்களை நான் கேள்விப்பட்டதே இல்லை. நீ வெள்ளைக்காரிகளின் மணிக்கட்டில் சென்ட் தொட்டுவைத்து இது பாரிஸ், இது லண்டன் என்று சொல்கிற அழகையும் நடித்துக் காட்டினான். உன்னைச் சின்ன துரை என்று கூப்பிடுகிறார்களாமே. அப்பா அப்போது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

ரமணியைப் பற்றியும் சொன்னான். அவனாகச் சொல்லவில்லை, நான் பிடுங்கினேன். அந்தப் பெண் உன் கடைக்குப் பக்கத்துத் துணிக்கடையில் வேலை செய்கிறாள், அவளிடமும் எஸ்டேட் கதைதான் சொல்லியிருக்கிறாய், தீபாவளிக்குப் பிறகு அவள் வீட்டார் மாப்பிள்ளையின் சொத்தைப் பார்க்க இங்கே வரப்போகிறார்கள். எதைக் காட்டலாம் என்று நினைத்திருக்கிறாய்? ஆள் வாடகைக்குப் பிடிக்கலாமா, பெரிய துரையிடம் ஒரு நாளைக்குப் பங்களாவை இரவல் கேட்கட்டுமா? இங்கே பால் எடை போடும் இடத்தில் அப்பாவைக் கண்டால் முதலாளி வந்தாச்சு, வழி விடுங்க என்கிறார்கள். காலைப் பிரட்டில் பேர் கூப்பிடும் கங்காணியே முதலாளி ராமையா என்று கூப்பிட்டுவிட்டான். அப்பா ஆஜர் என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். சாயங்காலம் கடைப் பக்கம் போவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

அழகேசன் நேற்றுப் புறப்பட்டான். போகும்போது, நான் அங்கே போய் என்ன சொல்லட்டும் அம்மா என்று கேட்டான், பாவம், உன்னை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனசில்லை. நீ ஒன்றும் சொல்லாதே, அவன் வாயாலேயே சொல்லட்டும் என்றார் அப்பா. நான் அப்பாவைப் போல அவ்வளவு நல்லவள் இல்லை. ரமணியின் விலாசத்தை அழகேசனிடம் வாங்கி வைத்திருக்கிறேன். தீபாவளிக்குள் நீ சொல்லிவிடு. சொல்லிவிட்டு அவர்களைக் கூட்டிக்கொண்டு வா. கோழி அடித்துச் சோறு போடுவேன், கதவில் எல்லாரையும் தடவிப் பார்ப்பார்கள், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. நீ சொல்லாவிட்டால் நான் எழுதுவேன், எனக்கு எழுத வரும் என்பது இந்தக் கடிதத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

மழைக்காலம் வருகிறது, தலையில் அந்த கிரீமைப் பூசிக்கொண்டு நனையாதே, சளி பிடிக்கும். நேரத்துக்குச் சாப்பிடு. நாங்கள் இரண்டு பேரும் மனசார வாழ்த்துகிறோம், நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இரு. அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். உனக்கு என்ன எழுதட்டும் என்று மூன்று தடவை கேட்டேன், ஒன்றும் வேண்டாம் என்றார். கடிதத்தை மடிக்கப் போகும்போதுதான், அந்தப் பொண்ணு நல்ல மாதிரியான்னு கேட்டு எழுது என்றார்.

அம்மா,
ரா. இராசாத்தி